செவலையை அவுத்து விடு அண்ணே

சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா, கனடா
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுறது. நானும் உன் மாப்பிள்ளையும் நல்லா இருக்கோம். அங்கே நீ, மதினி, அம்மா, பிள்ளைக எல்லாரும் சுகமா? அம்மாவோட முழங்கால் வலி எப்படி இருக்குன்னு மதினியைச் சொல்லச் சொல்லு. நீ கேட்டா அம்மா ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லும்.

நம்ம நாய் செவலை யாருக்குன்னு உனக்கும் சித்தப்பா மகனுக்கும் நடக்கிற சண்டையைப் பத்திப் போன வாரம் பேசும்போது பாதியிலேயே போனை வச்சுட்ட. உன் கோவம் எனக்குப் புதுசு இல்ல. ஆனா சொல்ல வந்ததைச் சொல்லாம விட்டதுல ஒரு வாரமா வேலையில மனசு ஓடல. அதான் பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டேன். முடிச்சதும் படம் பிடிச்சு மதினி போனுக்கு அனுப்புறேன். அம்மாவுக்கு ஒரு வரி விடாம வாசிச்சுக் காட்டணும்.

இங்கே இப்ப மழைக்காலம். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிருது. நம்ம ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துட்டு ஓயுறது இல்ல, நாள் முழுக்க நசநசன்னு தூத்திக்கிட்டே இருக்கும். முதியோர் இல்லத்துல ராத்திரி டூட்டி முடிஞ்சு காலையில ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினா தெருவுல ஈ காக்கா இருக்காது. நாயைக் கூட்டிக்கிட்டு நடக்கிறவங்க மட்டும்தான். மனுசனுக்கும் மழைக்கோட்டு, நாய்க்கும் மழைக்கோட்டு. தெருநாய்னு ஒண்ணை நான் வந்த இந்த மூணு வருசத்துல இந்தத் தெருவுல பாத்ததில்ல. ஒவ்வொரு நாய்க்கும் வருசா வருசம் நகராட்சியில லைசென்ஸ் எடுக்கணும். தோலுக்கு அடியில அரிசிமணி அளவுக்கு ஒரு சிப்பு வச்சிருப்பாங்க, ஆஸ்பத்திரியில கருவியைக் காட்டினா நம்பர் வரும்.

நாங்க குடியிருக்கிறது ஒரு வீட்டோட கீழ்த்தளம்னு சொல்லியிருக்கேன்ல. மேல வீட்டுக்காரம்மா, அவங்க மக, மகளோட சேர்ந்து வாழ்ந்த பையன், மைலோன்னு ஒரு நாய். நாய்க் காப்பகத்துல இருந்து எடுத்துட்டு வந்தது. காது ஒண்ணு நிமிந்து ஒண்ணு தொங்கி, நம்ம ஊர் நாட்டு நாய் மாதிரியே இருக்கும். ஒன்றரை வருசத்துல அந்த ரெண்டு பேருக்கும் ஒத்துவரல, பையன் வெளியேறிட்டான். சோபா, டிவி, பாத்திரம் எதுக்கும் சண்டை வரல. மைலோவுக்குத்தான் வந்துச்சு.

காப்பகத்துக் காகிதத்துல கையெழுத்து அந்தப் பொண்ணோடது. பணமும் அவ கட்டினது, சிப்புல இருக்கிறதும் அவ பேரு. ஆனா விடியக்காலையில மழையில அதை நடத்திக்கிட்டுப் போனது அந்தப் பையன். நான் டூட்டி முடிஞ்சு வர்ற நேரமும் அவன் திரும்புற நேரமும் ஒண்ணு. ஒன்றரை வருசத்துல நான் பாக்காத நாளு கைவிரல்ல எண்ணிரலாம். அதுக்குக் காதுல சீழ் வச்சப்ப ரெண்டு வேளையும் சொட்டு மருந்து விட்டதும் அவன்தான், வாசப்படியில மடியில போட்டுக்கிட்டு.

இந்த மாகாணத்துல இப்படிப்பட்ட சின்ன வழக்குக்கு ஆன்லைன்லயே நடக்கிற ஒரு தீர்ப்பாயம் இருக்கு, சிவில் ரெசல்யூஷன் டிரிபியூனல்னு பேரு. 5,000 டாலர் வரைக்கும் உள்ள வழக்கை அங்கே போடலாம். வக்கீல் வேணும்னு இல்ல. சொல்ல வேண்டியதை எழுதி, ரசீது, படம், சாட்சி எழுதினது எல்லாத்தையும் ஏத்திவிட்டா போதும். முதல்ல ஒருத்தர் ரெண்டு பக்கமும் பேசிப் பாத்து சமாதானத்துக்கு முயற்சி பண்ணுவார். முடியலைன்னாதான் தீர்ப்பு. அந்தப் பையன் அங்கே போட்டுட்டு என்கிட்ட வந்து நின்னான். "நீங்க தினமும் பாத்ததை எழுதித் தர முடியுமா?"ன்னு கேட்டான்.

அண்ணே, எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்ல. நாங்க இருக்கிறது அந்தப் பொண்ணோட அம்மா வீடு. வாடகை கூட்டுறதுக்கு முன்னால யோசிக்கிற நல்ல மனுசி. இந்த ஊர்ல இப்படி ஒரு இடம் மறுபடி கிடைக்காது. "நமக்கு எதுக்கு, பாக்கலைன்னு சொல்லிரு"ன்னு உன் மாப்பிள்ளை சொன்னாரு. ஆனா பாத்ததைப் பாக்கலைன்னு எப்படி எழுதுறது? ஒரு பக்கம் எழுதினேன். நடத்தினது அவன், மருந்து விட்டது அவன், நாய்க்கு சாப்பாடு வாங்கினது அந்தப் பொண்ணுன்னு. அவ செஞ்சதையும் விடல. எழுதினதைக் கொண்டுபோய் முதல்ல வீட்டுக்காரம்மாகிட்டயே காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை வாசிச்சாங்க. "இதுல பொய் ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் என் நெஞ்சு படபடப்பு அடங்குச்சு.

அந்தம்மா ஒரு வக்கீல் ஆபீஸ்ல முப்பது வருசம் வேலை பாத்தவங்க. சாயங்காலம் டீக்குக் கூப்பிட்டு இந்த நாய் வழக்கெல்லாம் சொன்னாங்க. இங்கேயும் சட்டப்படி நாய்னா ஒரு பொருள்தானாம், மேசை நாற்காலி மாதிரி. 2016-ல சஸ்காட்சுவான் மாகாணத்துல ஒரு தம்பதி பிரியுறப்ப நாய்களைக் கேட்டு வழக்கு வந்திருக்கு. பிள்ளையை யாரு வச்சுக்கிறதுன்னு பாக்குற மாதிரி நாயையும் பாருங்கன்னு கேட்டதை நீதிபதி ஏத்துக்கல. வீட்டுல இருக்கிற வெண்ணெய்க் கத்தியை யாரு எத்தனை நாள் வச்சுக்கிறதுன்னா நான் உத்தரவு போடுவேன்னு கேட்டிருக்காரு. 2018-ல நியூஃபவுண்ட்லாந்துல மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் ஒரு நாய் போயிருக்கு. நாய் சொத்துதான், அது யாருக்குச் சொந்தம்கிறதுதான் கேள்வின்னு மூணு நீதிபதியில ரெண்டு பேரு சொல்லிட்டாங்க. மூணாவது நீதிபதி ஒத்துக்கல. வாங்கினவன் யாருங்கிறதோட நிக்கக் கூடாது, அதோட ஒட்டுறவு யாருக்கு, வளர்த்தது யாருன்னும் பாக்கணும்னு தனியா எழுதி வச்சாங்களாம்.

இந்த மாகாணத்துல இப்ப அது சட்டமாவே வந்துருச்சு. 2024 ஜனவரி 15-ல இருந்து, கணவன் மனைவி பிரிஞ்சா வீட்டு நாய் பூனைக்குத் தனியா சட்டம். நீதிபதி எதெதைப் பாக்கணும்னு அதுலயே சொல்லியிருக்கு. நாய் எப்படி வீட்டுக்கு வந்துச்சு, யாரு எவ்வளவு பாத்துக்கிட்டது, இனிமே பாத்துக்க யாருக்கு மனசும் வசதியும் இருக்கு, வீட்டுப் பிள்ளைக்கும் அதுக்கும் எப்படி, வீட்டுல அடிதடி உண்டா, யாராவது நாயை வதைச்சாங்களா, வதைப்பேன்னு மிரட்டினாங்களா. பொண்டாட்டியை மிரட்டுறதுக்கு நாயைப் பிடிச்சு வச்சுக்கிறவன் எங்கேயும் இருக்கான் போல, அண்ணே. அதைச் சட்டத்துல எழுதி வச்சிருக்கிறதைக் கேட்டப்ப எனக்கு அந்தச் சட்டத்து மேல மரியாதையே வந்துச்சு.

இன்னொண்ணும் அதுல இருக்கு. ஆளுக்குப் பாதி நாள் வச்சுக்கங்கன்னு நீதிபதி உத்தரவு போட முடியாது. ஒருத்தருக்குத்தான் கொடுக்கணும். ஆனா ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பேசி, பங்கு வச்சுக்கிறோம்னு எழுதிக்கிட்டா அது செல்லும். கோர்ட்டால முடியாதது உக்காந்து பேசினா முடியும். இந்த ஒரு இடத்தை மட்டும் மதினியை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லு.

மேல வீட்டு ஆளுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தல. கல்யாணம் ஆகாம ரெண்டு வருசமாவது சேர்ந்து வாழ்ந்திருக்கணுமாம். அதனாலதான் தீர்ப்பாயம். ஆனா அதுவும் தீர்ப்பு வரைக்கும் போகல. பேசிப் பாக்குற இடத்துலயே அந்தப் பொண்ணு விட்டுக் கொடுத்துட்டா. காப்பகத்துக்கு அவ கட்டின பணத்தை அவன் கொடுத்துட்டான். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மைலோவை இங்கே கொண்டாந்து விடுறான். அவ அழுதுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டா. எதுக்கு விட்டன்னு நான் கேக்கல, அவளாவே சொன்னா. அவன் போன நாள்ல இருந்து அது ராத்திரி வாசக்கதவுக்கிட்டயே படுத்துக் கிடந்துச்சாம்.

இப்ப நம்ம செவலைக்கு வர்றேன்.

சித்தப்பா மகன் பக்கம் நியாயம் இல்லாம இல்ல. சிப்பிப்பாறை ஜாதி நாய்க்குட்டி வேணும்னு 2022-ல கோவில்பட்டிப் பக்கம் போய் ஆறாயிரம் கொடுத்து வாங்கியாந்தது அவன்தான். சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு பஸ்ல வந்து இறங்கினான், எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு. மூணாம் மாசமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனது குத்தமா? வயித்துப்பாட்டுக்குப் போனான். நானும்தான் போனேன்.

ஆனா அந்த ஐப்பசியில குட்டிக்கு பார்வோ நோய் வந்து ரத்தமா போனப்ப, மூணு ராத்திரி திண்ணையில உக்காந்து சாக்கைப் போர்த்தி வச்சிருந்தது அம்மா. மாட்டாஸ்பத்திரிக்குக் கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போயி டிரிப் ஏத்தினது நீ. அன்னிலேருந்து கேப்பைக் கூழும் மோருமா ஊத்தி வளர்த்தது அம்மா. வருசா வருசம் வெறிநாய் ஊசி போட்ட அட்டையில உன் பேருதான் இருக்கு. இப்ப நாட்டு நாய்க்குட்டிக்கு விலை ஏறிருச்சுன்னதும் அவன் வந்து நிக்கிறான். நீயும் மூணு வருசத் தீவனக் காசை வச்சுட்டுத் தொடுன்னு நிக்கிற. குட்டி போடுற நாய்ங்கிறதுனால ரெண்டு பேருக்கும் கண்ணு அதுல இருக்கு. உன்னைக் குறை சொல்றேன்னு நினைக்காதே. ஆனா உள்ளதைச் சொல்றேன்.

அவன் தூக்கிட்டுப் போயிருவான்னு பயந்து ரெண்டு மாசமா அதைத் தொழுவத்துல சங்கிலி போட்டுக் கட்டியிருக்கியாமே. மதினி அனுப்பின படத்தைப் பாத்தேன். கழுத்துல முடி உதிர்ந்து புண்ணா இருக்கு. கம்மாக்கரையில காத்தா ஓடுற நாய் அது. வழக்கு உங்க ரெண்டு பேருக்கும், சங்கிலி மட்டும் அதுக்கா?

வக்கீலைப் பாக்கப் போறேன்னு சொன்னியே. 1960-ல வந்த நம்ம ஊர் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துலயே 11-வது பிரிவுல இருக்கு. குட்டையான சங்கிலியில ரொம்ப நேரம் கட்டிப்போடுறதும் குத்தம். எந்நேரமும் கட்டியே வைக்கிற நாயை நடக்க ஓட விடாம இருக்கிறதும் குத்தம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்ல இருந்து அம்பது ரூபாய் வரைக்கும்தான், அதனால யாரும் மதிக்கிறது இல்ல. ஆனா கட்டிப்போட்ட நாய்க்கு மூர்க்கம் ஏறும். நாளைக்குப் பால்காரரையோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையையோ கடிச்சு வச்சா, யாரு காசு கொடுத்து வாங்கினதுன்னு போலீஸ் கேக்காது. கைவசம் வச்சிருக்கிற ஆளு கவனமா இருந்தானான்னு கேப்பாங்க. புதுச் சட்டத்துல, அதான் பாரதிய நியாய சன்ஹிதாவுல, 291-வது பிரிவு. ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். உசிலம்பட்டி கோர்ட்டுக்கும் மதுரைக்குமா நீ அலையுறதுக்குள்ள செவலைக்குக் கிழடு தட்டிரும். நாய்க்கு ஆயுசே பன்னெண்டு பதிமூணு வருசம்.

இங்கே நாயை இந்த நிலையில வச்சிருந்தா எஸ்.பி.சி.ஏ.ங்கிற மிருகவதைத் தடுப்புச் சங்கத்து ஆளுக வந்து எடுத்துட்டுப் போகலாம். திரும்பக் கேட்டு முதல்ல அவங்ககிட்டயே மனு போடணும், அங்கே இல்லைன்னா பண்ணைத் தொழில் வாரியத்துல மேல்முறையீடு. அதுவரைக்கும் அவங்க பராமரிச்ச செலவும் நம்ம தலையில.

நம்ம அப்பத்தா வெள்ளாட்டை வாரத்துக்கு, அதான் பங்குக்கு, விட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். தாய் ஆடு விட்டவுகளுக்கு, பிறக்கிற குட்டியில பாதி வளர்த்தவுகளுக்கு. எழுத்தும் இல்ல, கையெழுத்தும் இல்ல, ஒரு நாளும் சண்டை வந்து நான் பாக்கல. அதை இங்கே திருப்பிப் போட்டுக்குவோம். செவலை அம்மாகிட்டயே இருக்கட்டும். சின்னவனுக்கு அவன் போட்ட ஆறாயிரத்தைக் கொடுத்துரு, நான் அனுப்புறேன். முதல் ஈத்துல ரெண்டு குட்டி அவனுக்கு, அவனே பாத்து எடுத்துக்கட்டும். வீட்டுக்கு எப்ப வேணா வந்து செவலையைக் கூட்டிக்கிட்டுப் போயி ஓட விட்டுட்டு வரட்டும். அவனும் ஒரு காலத்துல நெஞ்சுல போட்டுத் தூங்க வச்சவன்தானே.

ஊர் மந்தையில நடுவுல விட்டு யாருகிட்ட போகுதுன்னு பாப்போம்னு அவன் சொன்னதுக்கு மட்டும் ஒத்துக்காதே. இத்தனை சனம் கூடி நின்னா அது மிரண்டு எந்தப் பக்கமும் ஓடும், ரோட்டுல வேற வண்டி வருது. மந்தைக்கே போக வேணாம். சித்தப்பா வீட்டுத் திண்ணையில அம்மாவையும் கூட்டிட்டுப் போயி உக்காரு. நீ முதல்ல பேசாதே, அம்மா பேசட்டும். சித்தப்பா அம்மா பேச்சைத் தட்ட மாட்டாரு.

கழுத்துப் புண்ணுக்கு மதினியை வேப்பெண்ணெய் தடவச் சொல்லு. ரெண்டு நாள்ல ஆறலைன்னா மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. சாயங்காலம் கம்மாக்கரையில அவுத்து விட்டு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. தீர்ப்புக்காக இல்ல அண்ணே. நாகமலையைப் பாக்க அது ஓடுறதைப் பாத்து ரொம்ப நாளாச்சு.

அம்மாவுக்கு மாத்திரை இருபதாம் தேதியோட தீருது, மறந்துராதே.

அன்புத் தங்கச்சி