சண்டையே பிடிக்காத அம்மா எப்படி வார்கேம் ஆடறா

கண்ணா,

போன்ல நீ கேட்டதுக்கு அப்பவே பதில் சொல்லியிருப்பேன், நீ தான் மீட்டிங்குனு பாதியில வச்சிட்ட. நியூஸ்ல குண்டு விழற மாதிரி காமிச்சாலே சேனலை மாத்தற அம்மா, லீவு நாள் வந்தா டீச்சர் கூட உக்காந்து எப்படி இந்த போர் கேமெல்லாம் ஆடறேன்னு கேட்டல்ல, கேட்டுட்டு வேற சிரிச்ச. டைப் பண்ணா தான் எனக்கு கோர்வையா வரும், அதான் இது.

நீ விட்டுட்டுப் போன டப்பாவுல இருந்த ட்வைலைட் ஸ்ட்ரகிள்ங்கற போர்டு கேம் தான் இப்பவும் எங்களுக்கு மெயின். 2005ல வந்த கேம், 1945ல இருந்து 1989 வரைக்குமான பனிப்போர், ஒருத்தர் அமெரிக்கா ஒருத்தர் சோவியத், இதெல்லாம் உனக்கே தெரியும். ஆனா நீ ஆடும்போது ஸ்கோரை மட்டும் தான் பாப்ப. நான் இதுல மாட்டிக்கிட்டது வேற ஒரு விஷயத்துல. உன் கையில வர்ற கார்டு எல்லாம் உனக்கு சாதகமா இருக்காது, எதிராளிக்கு நல்லது பண்ற கார்டும் உன்கிட்ட தான் வந்து உக்காந்திருக்கும், அதை நீயே தான் எடுத்து போடணும், போட்டா அவங்களுக்கு நடக்க வேண்டிய நல்லது நடந்தே தீரும். எப்ப நடக்கணும்ங்கறது மட்டும் தான் உன் கையில. ரொம்ப மோசமானதா இருந்தா போர்டுல ஸ்பேஸ் ரேஸ்னு, விண்வெளிப் போட்டிக்குன்னு இருக்கற இடத்துல தள்ளி விடலாம், அதுவும் ஒரு டர்னுக்கு ஒண்ணு தான், பாயிண்ட் கம்மியான கார்டுன்னா அங்கயும் எடுத்துக்க மாட்டாங்க.

போன தடவை டீச்சர் சோவியத். டெஃப்கான், அதாவது அணு ஆயுதப் போருக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கோம்னு காமிக்கற அளவு, ரெண்டுல நிக்குது, இன்னும் ஒரு படி இறங்குனா அணு ஆயுதப் போர், யாரோட முறையில இறங்குதோ அவங்க தோத்தாங்க. டர்னோட கடைசி ரவுண்டு, அவங்க கையில ரெண்டே கார்டு, ஒண்ணு போட்டே ஆகணும், ஒண்ணை அடுத்த டர்னுக்கு வச்சுக்கலாம். ஸ்பேஸ் ரேஸை ஏற்கனவே வேற கார்டுக்கு யூஸ் பண்ணியாச்சு. கண்ணாடியை கழட்டி துடைச்சாங்க, மறுபடி மாட்டுனாங்க, ரெண்டு கார்டையும் இடம் மாத்தி மாத்தி வச்சு பாத்தாங்க, இடம் மாத்துனா கார்டு மாறுமா என்ன. நான் வாயே திறக்கல. கடைசியில ரெண்டையும் அப்படியே டேபிள்ல திருப்பி வச்சுட்டாங்க. ஒண்ணு அமெரிக்க உளவுத்துறை சிஐஏ கார்டு, என் பக்கத்துக்கு சாதகமானது, ஒரே ஒரு பாயிண்ட், ஆனா அதை வச்சு நான் கியூபாவுல ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி பண்ணலாம், பண்ணா ஜெயிச்சாலும் தோத்தாலும் டெஃப்கான் இறங்கும், அவங்க முறைங்கறதால அவங்க காலி. இன்னொண்ணு டக் அண்ட் கவர், அது நேராவே டெஃப்கானை இறக்கிடும். எதைப் போட்டாலும் உலகம் முடிஞ்சுது. டக் அண்ட் கவர்னா அந்தக் காலத்துல அமெரிக்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கு குண்டு விழுந்தா டெஸ்க்குக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கோன்னு பழக்குன டிரில். டீச்சர் அதைத்தான் போட்டாங்க, முப்பது நாப்பது பிள்ளைங்களை கிளாஸ்ல உக்கார வச்சு பழக்கப்பட்டவங்க பாரு, போட்டுட்டு கொஞ்ச நேரம் அந்த கார்டு படத்தையே பாத்துட்டு இருந்தாங்க.

அப்புறம் கியூபா ஏவுகணை கார்டு. அது விழுந்தா அந்த டர்ன் முழுக்க எதிராளி எங்கயுமே கவிழ்ப்பு வேலை பண்ணக்கூடாது, பண்ணா போர். அதை ரத்து பண்ணணும்னா சோவியத் கியூபாவுல இருந்து செல்வாக்கு பாயிண்ட் ரெண்டு எடுக்கணும், அமெரிக்கான்னா மேற்கு ஜெர்மனியில இல்லன்னா துருக்கியில இருந்து எடுக்கணும். கியூபா சண்டைக்கு நடுவுல துருக்கி எங்க வந்துச்சுன்னு நான் கேட்டேன், டீச்சர் ஆட்டத்தை அப்படியே நிறுத்திட்டு ஆரம்பிச்சுட்டாங்க. 1962 அக்டோபர்ல சோவியத் தலைவர் குருஷ்சேவ் கியூபாவுல இருந்து ஏவுகணையை எடுக்க ஒத்துக்கிட்டது தான் வெளியில தெரிஞ்சுது, கென்னடி பக்கத்துல இருந்து துருக்கியில இருந்த ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துடறோம்னு ரகசியமா சொன்னது ரொம்ப வருஷம் வெளியில வரல, 1963ல சத்தமில்லாம எடுத்துட்டாங்க. நான் படிச்ச காலத்துல அமெரிக்கா மிரட்டுச்சு ரஷ்யா பயந்துச்சு, அவ்ளோ தான் பாடம். கார்டுல ஒரு ஓரத்துல துருக்கின்னு ஒரு பேரு, அதுக்குள்ள இவ்ளோ இருக்கு.

இதுக்காகத்தான்டா ஆடறேன். ஜெயிச்ச பக்கம் எழுதுன கதையை கேட்டா எதிர்ல இருந்தவன் எல்லாம் முட்டாளா தெரிவான், அவன் சீட்ல உக்காந்து அவனுக்கு வந்த கார்டை வச்சு ஆடிப் பாத்தா தான் அவனுக்கு வேற வழி இருந்துச்சா இல்லையான்னு புரியும்.

உறுத்தலே இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த மாதிரி கேமுக்கெல்லாம் பாட்டன், 1824ல பிரஷ்யாங்கற பழைய ஜெர்மன் ராஜ்யத்துல ரைஸ்விட்ஸ்னு ஒரு லெப்டினன்ட் ராணுவத்துக்கிட்ட காமிச்ச கிரீக்ஸ்ஷ்பீல், மேப்பு மேல கட்டையை நகர்த்தி ஆபீசருங்க சண்டைக்கு பிராக்டிஸ் பண்றதுக்குன்னே வந்தது. அறுகோணக் கட்டம் போட்ட பழைய மாடல் கேம்ல ஒரு சின்ன அட்டைத் துண்டுன்னா அது ஒரு டிவிஷன், பத்தாயிரம் பேருக்கு மேல. டைஸ் உருட்டி ரிசல்ட் அட்டவணையில பாத்துட்டு அதை மேப்புல இருந்து எடுத்து ஓரமா வச்சிட்டு அடுத்த மூவுக்கு போயிடுவோம். டீச்சர் அப்போ "செத்தான்"னு சொல்லவே மாட்டாங்க, "எடுத்துடுங்க"ம்பாங்க, நானும் அப்படியே பழகிட்டேன், சொல்ற விதத்தை மாத்துனா என்ன மாறிடப் போகுதுன்னு அப்பா கேக்கறார், கேக்கட்டும்.

இப்ப உன் ரூம்மேட் கதைக்கு வரேன். மெமாயர் 44ங்கற ரெண்டாம் உலகப்போர் கேம்ல அவன் எப்பவும் நேச நாட்டுப் பக்கம் தான் எடுப்பான், நீ எப்பவும் ஜெர்மனி, எப்பவும் தோக்கற, அதனால ஆடறதையே விட்டுட்டேன்னு சொன்ன. டேய், அந்த ரூல்புக்லயே இருக்கு, ஒரே சண்டையை ரெண்டு தடவை ஆடணும், பக்கம் மாத்தி ஆடணும், ரெண்டு ஆட்டத்து மெடலையும் கூட்டி பாத்து தான் யார் ஜெயிச்சான்னு சொல்லணும். ஏன்னா நடந்த சண்டைகளை வச்சு பண்ணது அது, நடந்த சண்டை எதுவும் சமமா நடக்கல. நார்மண்டியில கடலுக்குள்ள இருந்து இறங்கறவன் நிலைமையும் மேல பங்கர்ல உக்காந்திருக்கறவன் நிலைமையும் ஒண்ணா? சும்மா கோச்சுக்காம அவன்கிட்ட சொல்லு, இந்த தடவை நான் கரையில இறங்கறேன், நீ மேல உக்காருன்னு. கையில இடது பக்கப் படையை மட்டும் நகர்த்தற கார்டா வந்து சேர்ந்து வலது பக்கம் அவன் டாங்கிங்க சும்மா நின்னு அடி வாங்கும்போது அவனுக்கும் தெரியட்டும். நாஜி பக்கம் உக்கார மாட்டேன்னு கொள்கையா சொல்றான்னா அது வேற, அதை நான் மதிக்கிறேன், அப்போ வேற காலத்து கேம் எடுங்க. ஜெயிக்கற பக்கம் வேணும்னு மட்டும் சொல்றான்னா அது கொள்கை இல்ல.

அப்புறம் அவன் யோசிக்கும்போது நீ போன் நோண்டாத. டீச்சர் என்கிட்ட இது வரைக்கும் கோவப்பட்டது அந்த ஒரு விஷயத்துக்கு தான்.

அடுத்து முதல் உலகப்போர் ஆடலாம்னு இருக்கோம், 1999ல வந்த பாத்ஸ் ஆஃப் குளோரி. அதுல ஒரே கார்டை நாலு விதமா யூஸ் பண்ணலாம், படையை நகர்த்த, ரயில்ல தூரமா அனுப்ப, செத்த படைக்கு ஆள் சேர்க்க, இல்லன்னா அதுல எழுதியிருக்கற சம்பவத்தை நடத்த, ஒண்ணை எடுத்தா மத்த மூணும் அந்த தடவைக்கு போச்சு. ரூல்புக்கை டீச்சர் பென்சில்ல கோடு போட்டு படிச்சுட்டு இருக்காங்க, நான் இன்னும் படைக்கு சாப்பாடு, தளவாடம் போற சப்ளை லைன் ரூல்லயே நிக்கறேன். நீ லீவுல வந்தா ஒரு நாள் முழுசா ஒதுக்கிட்டு வா, ஒரு ஆட்டம் அவ்ளோ நேரம் இழுக்கும். ஜெர்மனி எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்.

அம்மா