ஆளுக்கொரு மெட்டு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் பேரனைக் கூப்பிட வந்த ஒரு அப்பத்தா, பாட்டு வகுப்பைக் கேட்டுவிட்டு நேராக என் அறைக்கே வந்துவிட்டார்கள். "என்ன சார், பிள்ளைக ஆளுக்கொரு பாட்டாப் பாடுதுக, டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க?" என்றார்கள். அவர்கள் காதில் விழுந்தது சரிதான். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் பழகுவதே அப்படித்தான். டைரியில் 'பாலிஃபோனி பயிற்சி' என்று எழுதி அனுப்பினோமே, அது இதுதான்.

கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல, 'ஃபோனே' என்றால் குரல். டெலிஃபோனில் இருப்பதும் அதே சொல்தான். தமிழில் பல்குரலிசை எனலாம். ஆனால் பல பேர் சேர்ந்து பாடினாலே அது பல்குரலிசை ஆகிவிடாது, கும்மியில் இருபது பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதானே, நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரும் ஒரே சுருதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். தனியாகப் பாடினாலும் பாட்டாக நிற்கும் இரண்டு மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றோடொன்று இசைந்தும் போனால்தான் அந்தப் பெயர். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய, ஃபியூக் என்ற வகை இசைப் படைப்புகளில் ஒரு குரல் ஆரம்பித்த மெட்டை அடுத்த குரல் பின்னாலேயே வந்து எடுக்கும், முதல் குரல் அதற்குள் வேறு வழியில் போயிருக்கும். ஜார்ஜியா நாட்டில் இது விருந்துப் பந்தியிலேயே பாடுகிற சங்கதி, அந்த மரபை 2001-இல் யுனெஸ்கோ சிறப்பித்தது.

இந்தச் சொல் வேறு இடங்களுக்கும் போயிருக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் நாவல்களில் ஒவ்வொரு பாத்திரமும் ஆசிரியருக்கு அடங்காமல் தன் குரலில் பேசுகிறது என்பதைச் சொல்ல ரஷ்ய விமர்சகர் பக்தின் 1929-இல் இதைத்தான் எடுத்துக்கொண்டார். அப்புறம், கீபோர்டு வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டியில் '64 பாலிஃபோனி' என்று இருந்தால் 64 பாட்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஒரே நேரத்தில் 64 ஸ்வரம் ஒலிக்கும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட ஹாலில் எதிரொலி அதிகம் என்று ஒரு பெற்றோர் தங்கள் வீட்டு வளவைத் திறந்துவிட்டார்கள், அவர்களுக்கு நன்றி. முற்றத்துக்கு இந்தப் பக்கத் தூண்களை ஒட்டி ஒரு அணி, அந்தப் பக்கம் இன்னொரு அணி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எதிர் அணியின் மெட்டு தன்னை இழுத்துவிடக் கூடாதென்று ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டே பாடினாள். நான்காம் நாள் விரலை எடுத்துவிட்டாள், எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே தன் மெட்டை விடாமல் பாடினாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் பிள்ளை தனியாகப் பாடிப் பார்க்கும்போது உங்களுக்குத் தெரிந்த பாட்டு மாதிரி இருக்காது. தயவுசெய்து திருத்தாதீர்கள், அது அந்தப் பிள்ளையின் பங்கு. அண்ணனும் தங்கையும் வேறு வேறு அணியில் இருந்தால், ஒரு நாள் சாயங்காலம் இருவரையும் திண்ணையில் உட்கார வைத்துச் சேர்ந்து பாடச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்