குறள் எண் ஏன் மாறியது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தமிழாசிரியர் ஒருவரின் கட்டுரைத் தொகுப்பை மின்னூலாக்கிக் கொடுத்தோம். கல்வி அதிகாரத்திலிருந்து மூன்று குறள்களை அவர் வரிசையாக எடுத்தெழுதியிருந்தார்: 391, 396 (மணற்கேணிக் குறள்), 400. நாங்கள் கொடுத்த நூலிலோ அவை 391, 392, 393 என்று இருந்தன. போதாததற்கு நாலு சீர் ஒரு வரி, மூணு சீர் ஒரு வரி என்று நிற்க வேண்டிய குறள், ஏழு சீரும் ஒரே வரியாக ஓடியிருந்தது. அவர் கோபப்படவில்லை. “மணற்கேணிக் குறளுக்கு எண் 392 என்று என் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டால்?” என்று மட்டும் கேட்டார். தவறு முழுக்க எங்களுடையது. அன்றே திருத்திக் கொடுத்துவிட்டோம். ஆனால் இது உங்கள் கோப்பிலும் நடக்கலாம் என்பதால், எப்படி நடந்தது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம்.

உங்களில் பலர் அனுப்புவது வெறும் எழுத்தும் சில குறிகளும் மட்டுமே உள்ள கோப்பு. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் என்ற குறிமுறைதான் அதிகம் வருகிறது. கணினித் துறையினர் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், ஆஸ்கிடாக் ஆகிய வேறு குறிமுறைகளில் எழுதுகிறார்கள். விக்கிமூலம் என்ற இணைய நூலகத்திலிருந்து எடுத்தால் விக்கிக் குறிகளோடு வரும். இவற்றை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நாங்கள் பயன்படுத்துவது பாண்டாக். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. அருமையான கருவி, சந்தேகமே இல்லை. அது உங்கள் கோப்பைப் படித்து, எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று தனக்குள் ஒரு மரம்போல அடுக்கிக்கொள்கிறது. பிறகு அந்த மரத்தைப் பார்த்துப் புது வடிவத்தில் எழுதுகிறது. மரத்தில் இடமில்லாத எதுவும் மறுபக்கம் வராது.

குறளுக்கு நேர்ந்தது இதுதான். வரியின் தொடக்கத்தில் ஓர் எண், அதன்பின் புள்ளி, ஓர் இடைவெளி வந்தால் மார்க்டவுன் அதைப் பட்டியல் என்றே எடுத்துக்கொள்ளும். அதைப் படிக்கும் பாண்டாக் முதல் எண்ணை மட்டும்தான் மதிக்கும். அடுத்தடுத்த எண்களை நீங்கள் எப்படிப் போட்டிருந்தாலும் தானே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். 391க்குப் பிறகு 392 வந்தது அப்படித்தான். “1947. அந்த ஆண்டுதான் அப்பா ஊரை விட்டுக் கிளம்பினார்” என்று ஒரு பத்தியைத் தொடங்கினாலும் அது பட்டியலாகிவிடும். 391\. என்று புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் போதும், எண் அப்படியே நிற்கும்.

வரி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. மார்க்டவுனில் ஒருமுறை என்டர் தட்டினால் அது புது வரி இல்லை, வெறும் இடைவெளி. வரி உடைய வேண்டுமானால் வரிக் கடைசியில் இரண்டு இடைவெளி விட வேண்டும். அது கண்ணுக்கே தெரியாது; சில செயலிகள் கோப்பைச் சேமிக்கும்போது அதைத் துடைத்தும் விடும். அதனால் நாங்கள் இப்போது வரிக் கடைசியிலும் சாய்கோடுதான் போடுகிறோம். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் | போட வேண்டும். ஆஸ்கிடாக்கிலும் விக்கியிலும் செய்யுளுக்கென்றே தனிக் குறி உண்டு.

இன்னொன்று, நம் மொழியில் அடிக்கடி தட்டுப்படும் சிக்கல். நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம். சொல்லைச் சாய்வெழுத்தில் காட்ட _மணற்கேணி_யில் என்று அடிக்கோடு போட்டால், மூடும் கோட்டுக்குப் பின்னாலேயே எழுத்து வந்துவிடுவதால் பாண்டாக்கின் மார்க்டவுன் அதைக் குறியாக ஏற்காது. கோடுகள் அப்படியே நூலில் அச்சாகும். *மணற்கேணி*யில் என்று நட்சத்திரம் போட்டால் ஏற்கும். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் நட்சத்திரமும் உதவாது. *மணற்கேணி*\ யில் என்று இடையில் சாய்கோடும் இடைவெளியும் விட வேண்டும். நூலில் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

நட்சத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வாட்ஸப்பில் ஒற்றை நட்சத்திரம் போட்டால் எழுத்து தடிக்கும், மார்க்டவுனில் அதுவே சாயும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று வரைந்த எழுத்து கிடையாது. கணினி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது, படிக்க நன்றாயிருப்பதில்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலொழிய, நாங்கள் அதைத் தடித்த எழுத்தாகவே மாற்றுவோம்.

அடிக்குறிப்பும் கவனிக்க வேண்டியதுதான். முதலில் வந்த மார்க்டவுனில் அதற்கு வழியே இல்லை, பாண்டாக்கின் மார்க்டவுனில் இருக்கிறது. எனவே அடிக்குறிப்புள்ள நூல்களுக்கு அதையே பயன்படுத்துகிறோம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. நீங்கள் முதலில் எழுதிய கோப்பையே அனுப்புங்கள். வேறெங்கோ ஒருமுறை மாற்றிய கோப்பில் ஏதாவது விழுந்திருந்தால் எங்களால் அதை மீட்க முடியாது. அப்புறம், செய்யுள் வரும் இடத்தில் “இது பாட்டு” என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிடுங்கள்.

இந்த மாதம் முதல், செய்யுள் உள்ள பக்கங்களை எல்லாம் அச்செடுத்து, உங்கள் மூலக் கோப்போடு வரிக்கு வரி ஒருவர் ஒப்புப் பார்ப்பார். அந்தப் பக்கங்கள் உங்கள் பார்வைக்கும் வரும். நீங்கள் சரி என்ற பிறகே நூல் வெளியே போகும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முன்பு எங்களிடம் செய்த நூலில் பாட்டு இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். வரியோ எண்ணோ பிசகியிருந்தால் தெரிவியுங்கள், கட்டணமின்றித் திருத்தித் தருகிறோம்.

அன்புடன்,
நூலாக்கப் பணிமனையிலிருந்து