காலியாகும் கதிரைக்கு அடுத்தது யார் என்று முதலே சொல்லுங்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும் அவர்களை அங்கே அனுப்பிவைத்த கட்சிகளின் செயலாளர்களுக்கும்,

வணக்கம். நேரே விசயத்துக்கு வருகிறேன். ஒரு உறுப்பினர் இறந்தாலோ, பதவி விலகினாலோ, நீதிமன்றத் தீர்ப்பால் ஆசனத்தை இழந்தாலோ, அந்த இடத்துக்கு அடுத்து யார் வருவார் என்பது வாக்களிக்கப் போகும் நாளிலேயே வாக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் தெரிவாகும் 196 பேர் விசயத்தில் இது ஓரளவுக்கு நடக்கிறது. நாடு முழுவதும் கட்சிகள் பெற்ற வாக்குகளின்படி பங்கிடப்படும் தேசியப் பட்டியலில் வரும் 29 பேர் விசயத்தில் நடப்பதேயில்லை. அந்த 29 ஆசனங்களில் ஒன்று காலியானால் அடுத்த ஆளை முடிவு செய்வது கட்சிச் செயலாளரின் ஒரு கடிதம். அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மாவட்ட ஆசனம் என்றால் கதை வேறு. யாழ்ப்பாணத்துக்கு 2024இல் 6 ஆசனங்கள், ஒவ்வொரு கட்சியும் மூன்று பேரைக் கூட்டி 9 பேரை நிறுத்த வேண்டும். நாங்கள் கட்சிக்குப் புள்ளடி போட்டு, கீழே இருக்கும் இலக்கங்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடுகிறோம். இடையில் ஒரு ஆசனம் காலியானால் அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவரைத் தெரிவத்தாட்சி அலுவலர் அறிவிக்கிறார். 2022 மே 9ஆம் திகதி நிட்டம்புவவில் உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டபோது பொலன்னறுவையில் இருந்து ஜகத் சமரவிக்ரம அப்படித்தான் வந்தார். தோற்றவர்தானே என்று சிலர் சொல்வார்கள். அவருக்கும் ஆயிரக்கணக்கான மக்கள் இலக்கம் பார்த்துப் புள்ளடி போட்டிருக்கிறார்கள், அது போதும்.

எங்கள் பக்கத்தில் இந்த முறை எப்படி எப்படியெல்லாம் பயன்பட்டது என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் நடராஜா ரவிராஜ் சுட்டுக் கொல்லப்பட்டார், அவருடைய யாழ்ப்பாண ஆசனத்துக்கு ஸ்ரீகாந்தா வந்தார். 2008 மார்ச்சில் வன்னியில் சிவநேசன் கிளைமோர் தாக்குதலில் கொல்லப்பட்டார், அவருடைய இடத்துக்கு சொலமன் சிறில் வந்தார். கொலைகாரர்கள் ஆளைக் கொன்றார்கள், ஆனால் மக்கள் போட்ட வாக்கு அடுத்த ஆளிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஒன்றுக்காகவாவது விருப்பு வாக்கு வரிசைக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். (விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்களே ஒருவரை ஒருவர் வெட்டி விழுத்துவது இன்னொரு பெரிய பிரச்சினை, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

சரி, தேசியப் பட்டியலுக்கு வருவோம். 1988இல் அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தோடு வந்த 99அ உறுப்புரை சொல்வது இதுதான்: கட்சி தன் பட்டியலை வேட்புமனுக் காலத்திலேயே கொடுக்க வேண்டும், அது மக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும், தேர்தல் முடிந்து கேட்கப்பட்டதும் ஒரு வாரத்துக்குள் அந்தப் பட்டியலில் இருந்தோ மாவட்டங்களில் போட்டியிட்டவர்களில் இருந்தோ பெயரைக் கொடுக்க வேண்டும். அதாவது மக்கள் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியவரும் வரலாம். 2015இல் அப்படி ஒரு கூட்டமே உள்ளே வந்தது. அதுகூடப் பரவாயில்லை என்று வையுங்கள். அதே 1988இல் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் 64(5) என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். வெற்றிடம் வந்தால் கட்சியின் 'ஒரு உறுப்பினரை' நியமிக்கலாம் என்கிறது அது. பட்டியலில் இருந்தவரா, போட்டியிட்டவரா என்ற கேள்வியே கிடையாது. நேற்று அங்கத்துவம் எடுத்தவர் இன்று பாராளுமன்ற உறுப்பினர் ஆகலாம்.

ஆனார்களா என்றால், ஆனார்கள். 2020 தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுத்தபோது இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பாராளுமன்றத்துக்கு வர முடியாது. இரட்டைக் குடியுரிமை வைத்திருந்த பசில் ராஜபக்சவின் பெயர் பட்டியலில் இல்லை. பிறகு 20ஆம் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது, தேசியப் பட்டியல் உறுப்பினர் ஜயந்த கெட்டகொட பதவி விலகினார், 2021 ஜூலை 8ஆம் திகதி பசில் சத்தியப்பிரமாணம் எடுத்து அன்றே நிதியமைச்சர் ஆனார். அடுத்த ஆண்டு நாடு எரிபொருள் வரிசையில் நின்றபோது அவர் விலகினார், அந்த இடத்துக்கு தம்மிக பெரேரா வந்து சில நாட்களில் அமைச்சரும் ஆனார். ஒரே ஆசனம், மூன்று பேர். பின்னால் வந்த இருவரின் பெயரையும் 2020இல் எந்த வாக்காளரும் பட்டியலில் பார்த்திருக்கவில்லை.

இன்னொன்று, ஒரு வாரம் என்று எழுதியிருக்கிறதே தவிர, கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று இல்லை. 2020இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்காமல் பத்து மாதம் அளவில் அதைச் சும்மா வைத்திருந்தார்கள். 2021 ஜூன் 23ஆம் திகதி, கொழும்பில் தோற்றிருந்த ரணில் விக்கிரமசிங்க அதில் வந்து அமர்ந்தார். 2022 மே மாதம் பிரதமர், ஜூலையில் ஜனாதிபதி. பிறகு அந்த ஆசனத்துக்கு வஜிர அபேவர்தன. நாட்டின் தலைவரே இந்த வழியால் வர முடியும் என்றால், இதைச் சின்னச் சட்டப் பிரச்சினை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

எதிர்க்கட்சியிலும் கதை உண்டு. கொழும்பு மாவட்டத்தில் தெரிவான முஜிபுர் ரஹ்மான் 2023 ஜனவரியில் மாநகர சபைத் தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகினார், விருப்பு வாக்கில் அடுத்து நின்ற ஏ.எச்.எம். பௌசி வந்தார். தேர்தலோ அப்போது நடக்கவில்லை. 2024 மே மாதம் குடியுரிமை வழக்கில் டயானா கமகே தேசியப் பட்டியல் ஆசனத்தை இழந்தபோது அந்த வெற்றிடத்தில் முஜிபுர் திரும்பி வந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை, தேர்தலைத் தள்ளிப்போட்டது அவர் இல்லை. ஆனால் பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருந்தவர்கள் என்ன ஆனார்கள், அவர்களை நம்பி வாக்குப் போட்டவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

தெற்கை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. தமிழ்க் கட்சிகளின் செயலாளர்களே, உங்களிடமும் கேட்கிறேன். 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு வந்த இரண்டு தேசியப் பட்டியல் ஆசனங்களும் திருகோணமலையிலும் வன்னியிலும் தோற்றவர்களுக்குப் போயின. 2020இல் தமிழரசுக் கட்சியின் ஒரே ஆசனம் அம்பாறைக் கலையரசனுக்கு, 2024இல் வன்னியில் தெரிவாகாத சத்தியலிங்கத்துக்கு. 2020இல் அம்பாறையில் தமிழ் வாக்குகள் சிதறி ஒரு தமிழ் உறுப்பினரும் தெரிவாகவில்லை, அந்த மக்களுக்கு ஒரு குரல் வேண்டும் என்பது நியாயம், அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் தேர்தல் முடிந்த இரவில் இருந்து எங்கே கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று தொலைபேசியில் சண்டை பிடித்து, கட்சித் தலைவருக்கே தெரியாமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சும் கிளம்பி, மக்கள் முகம் சுளித்ததுதான் மிச்சம். "ஆசனம் இழக்கும் மாவட்டத்துக்கே கொடுப்போம்" என்று வாக்குக் கேட்கும்போதே சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்?

இடைத்தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு, காரணம் தந்தை செல்வா. 1972 அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்பதைக் காட்ட அவர் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து மக்களிடமே திரும்பிப் போனார். இன்றைய முறையில் அப்படி ஒருவர் விலகினால் அடுத்த இலக்கக்காரர் வந்து அமர்வார், மக்களிடம் கேள்வியே போகாது. ஆனால் அன்றைய அரசு அந்த இடைத்தேர்தலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் நடத்தியது. அவர் பெரும் வெற்றி பெற்றார், ஆனால் அதுவரை காங்கேசன்துறைக்கு உறுப்பினர் இல்லை. ஆகவே இடைத்தேர்தலும் ஆட்சியில் இருப்பவர் கையில் விளையாட்டுப் பொருளாகலாம்.

வெளியே பாருங்கள். நோர்வேயில் ஒவ்வொரு கட்சியின் பட்டியலிலும் மாற்று உறுப்பினர்களும் வரிசைப்படி சேர்ந்தே தெரிவாகிறார்கள். ஒருவர் அமைச்சரானால் பாராளுமன்றத்தில் அமர முடியாது, வரிசையில் முதல் மாற்று உறுப்பினர் வந்து அந்த வேலையைப் பார்க்கிறார். மெக்சிகோவில் உறுப்பினரோடு அவருடைய மாற்றும் சேர்ந்தே போட்டியிடுவார். அங்கேயும் ஏமாற்று நடந்தது. 2009இல் பெண்களுக்கான ஒதுக்கீட்டைக் காட்ட பெண்களை நிறுத்தி, மாற்றாக ஆண்களைப் போட்டார்கள். பதவியேற்ற கையோடு சில பெண்கள் விடுப்பில் போக, ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஊரே கொதித்தது. 2011இல் தேர்தல் நீதிமன்றம் ஒதுக்கீட்டில் நிற்கும் பெண்ணுக்கு மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓட்டை தெரிந்தது, அடைத்தார்கள். நாங்கள் 1988இல் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஆட்சியில் இருக்கும் தேசிய மக்கள் சக்தியிடம் 159 ஆசனங்கள் உண்டு. 64(5) சாதாரணச் சட்டம், அதைத் திருத்தச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். வெற்றிடத்தை வெளியிடப்பட்ட பட்டியலில் உள்ளவரைக் கொண்டே நிரப்ப வேண்டும் என்று இந்த ஆண்டே திருத்துங்கள். பட்டியலுக்கு முன்கூட்டியே வரிசை இலக்கம் போட்டு அந்த வரிசையிலேயே ஆட்களை எடுக்க வேண்டும் என்பதற்கும், குறித்த நாளுக்குள் பெயர் கொடுக்காத கட்சியின் ஆசனம் தானாகவே வரிசையில் முதலாமவருக்குப் போக வேண்டும் என்பதற்கும் அரசியலமைப்பைத் தொட வேண்டியிருந்தால், அதற்கு வேண்டிய 150 பேரும் உங்களிடமே இருக்கிறார்கள்.

செயலாளர்களே, சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுக்கும் நாளிலேயே உங்கள் தேசியப் பட்டியலை ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டு, எந்த மாவட்டத்துக்கு ஏன் என்ற காரணத்தோடு, தமிழிலும் சிங்களத்திலும் பத்திரிகையில் போடுங்கள். போடும் கட்சிக்கும் போடாத கட்சிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் என் வீட்டில் இருக்கும் வாக்குகள் விழும்.

இப்படிக்கு,
வடக்கில் இருந்து ஒரு வாக்காளர்