கண் உண்டு, பாதம் உண்டு, தைராய்டைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகள் வருடா வருடம் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள் என்று சென்ற இதழில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். கண், சிறுநீரகம், இதயம், பல், பாதம் எல்லாம் இருந்தன. விரல் வைத்து இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன், தைராய்டைக் காணோம். அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எட்டு மாதம் பட்டுத் தெரிந்துகொண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சரிவரச் சுரக்காத வகை. இன்சுலின் போட ஆரம்பித்து 21 வருடம் ஆகிறது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் கைக்குப் பழகிய வேலை. போன வருடம் திடீரென்று சர்க்கரை இறங்கத் தொடங்கியது. அதே சாப்பாடு, அதே நடை, அதே இன்சுலின். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து எழுந்தேன். கை நடுக்கத்தில் இரண்டு ஸ்ட்ரிப் வீணாகி, மூன்றாவதில் 54 என்று காட்டியது. வாரத்துக்கு மூன்று நான்கு முறை இதே கதை. வீட்டில் சொன்னால், “குறையுதுன்னா நல்லதுதானே” என்றார்கள்.

அப்புறம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை (HbA1c) எடுத்தார்கள். 8.1 சதவீதம்! என் நோட்டில் இருந்த அளவுகளைக் கூட்டிக் கழித்தால் 7கூட வராது. மருத்துவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பார்த்ததைத்தான் எழுதுறீங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு மூடி என் பக்கம் தள்ளினார். 21 வருடத்தில் இன்சுலின் ஊசி அப்படி வலித்ததில்லை.

இன்னொரு மருத்துவர்தான் நோட்டை விட்டுவிட்டு முதலில் என் முகத்தைப் பார்த்தார். முகம் ஊதியிருந்தது, தோல் வறண்டிருந்தது, நாடித் துடிப்பு மெதுவாக இருந்தது. எல்லோரும் ஃபேன் கேட்கிற இடத்தில் நான் போர்வை கேட்டுக்கொண்டிருந்தேன். மலச்சிக்கல், முடி கொட்டுதல், எந்நேரமும் அசதி. இத்தனையையும் ‘சர்க்கரை இருந்தால் இப்படித்தான்’ என்று நானே தள்ளிவிட்டிருந்தேன். தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் எடுத்தால் 46. ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. தைராய்டு குறைவாகச் சுரந்தால்தான் இது இப்படி ஏறும்.

அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பு முழுக்க மந்தமாகிவிடும். போட்ட இன்சுலின் சீக்கிரம் வெளியேறாது, கல்லீரல் விடுகிற சர்க்கரையும் குறையும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், சாப்பாடு வந்து சேர்வதற்குள் இன்சுலின் வேலையைத் தொடங்கிவிடும். அப்படியென்றால் 8.1 எப்படி? அந்தப் பரிசோதனை பார்ப்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. புதிய சிவப்பணுக்கள் உருவாவதும் மந்தமாகிவிடுவதால் ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடிவிடுகிறது. அவை அதிக நாள் சர்க்கரையில் ஊறியவை, எனவே சராசரி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. நோட்டும் பொய் சொல்லவில்லை, லேபும் பொய் சொல்லவில்லை.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கதை தலைகீழ். எவ்வளவு இன்சுலின் போட்டாலும் சர்க்கரை ஏறும், எடை இறங்கும். படபடப்பையும் நடுக்கத்தையும் ‘லோ’ (சர்க்கரை இறங்கிவிட்டது) என்று நினைத்து, மெஷினில் பார்க்காமலே இனிப்பை வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

டைப் 1 உள்ளவர்களுக்கு இது தற்செயலாக வருவதில்லை. கணையத்தைத் தாக்கிய அதே எதிர்ப்புச் சக்திக் கோளாறு தைராய்டையும் விட்டுவைக்காமல் போகலாம். அதனால்தான் நோய் தெரிந்து சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வந்ததும் ஒரு முறையும், சரியாக இருந்தால் ஓரிரு வருடத்துக்கு ஒரு முறையும் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். சர்க்கரை தாறுமாறாக இருக்கும்போது எடுத்தால் முடிவு ஏமாற்றலாம் என்பதால்தான் அந்தச் சிறு காத்திருப்பு. டைப் 2 உள்ள எல்லோரும் ஓட வேண்டியதில்லை. ஆனால் காரணமில்லாமல் கொலஸ்ட்ரால் ஏறினாலோ, அதற்கான மாத்திரையில் தசைவலி வந்தாலோ, சர்க்கரை சொன்ன பேச்சு கேட்காவிட்டாலோ தைராய்டையும் ஒருமுறை சந்தேகப்படலாம்.

மாத்திரை விஷயத்திலும் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று இருக்கிறது. தைராய்டு குறைவுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரையான தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, காபியும் கூடாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சரி, எழும்போதே சர்க்கரை 60 இருந்தால்? நான் ஒரு நாள் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண் இருட்டியது. முட்டாள்தனம். முதலில் சர்க்கரைதான், மாத்திரை காத்திருக்கும். ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும், ஒரு காலை தள்ளிப்போவதால் ஒன்றும் ஆகிவிடாது.

தைராய்டு சரியாகச் சரியாக இன்சுலின் தேவையும் மறுபடி ஏறும். எனக்கு ஆறு வாரத்தில் ஏறத் தொடங்கியது. முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் பதறவில்லை.

பட்டியலை அடுத்த முறை அச்சிடும்போது கவனியுங்கள், ‘பாதம்’ என்பதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நோட்டில் பார்த்ததை மட்டுமே எழுதும் வாசகி