பைட்டியே என்றால் வெறும் உட்கார் இல்லை

மயூர் விஹார், தில்லி
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமு,

நீ பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபமாக இருப்பாய், இரு. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தடவுகிறாயா, இல்லை அதுவும் உன் அலமாரியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டதா? இவருக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை. சின்னவன் வழக்கம்போல் வேலை வேலை என்கிறான். வீட்டுச் சேதி அவ்வளவுதான்.

இரண்டு வாரமாக ஒரு விஷயம் மனசை அறுத்துக்கொண்டிருக்கிறது. முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நீ. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மொட்டை மாடியில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பைப் பற்றிப் போன தடவையே எழுதியிருந்தேன். இப்போது ஏழு பெண்கள் வருகிறார்கள், எல்லாரும் பக்கத்துத் திரிலோக்புரியிலிருந்து. அதில் ஒருத்தி உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரிக்காரி, இருபத்திரண்டு வயசு. பெரியவர்கள் நின்றுகொண்டிருந்தால் அவள் உட்கார மாட்டாள். என்னை 'யூ' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி இருக்கிறது. ஆங்கிலத்தில் நாய்க்குட்டிக்கும் டீச்சருக்கும் ஒரே 'யூ'வா என்று கூச்சம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "மேடம் இஸ் கமிங் டுமாரோ?" என்று கேட்பாள். அப்படிப்பட்டவளை மரியாதை தெரியாதவள் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், கோமு.

ஒரு பல் ஆஸ்பத்திரியில் வாசல் மேஜை வேலை. எனக்குத்தான் முதலில் வந்து சொன்னாள், லட்டு வாங்கிக்கொண்டு. ஒன்பதாம் நாள் வயசான ஒருவர் வந்திருக்கிறார். இவள் எழுந்து நின்று, கொஞ்சம் குனிந்து, "சிட். டெல் நேம். கிவ் ஃபோன் நம்பர்" என்றிருக்கிறாள். அவர் உள்ளே போய்ப் புகார் செய்துவிட்டார். சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அவள் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? "பைட்டியே. நாம் பதாயியே. ஃபோன் நம்பர் தீஜியே." ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'இயே' இருக்கிறது பார், மரியாதை முழுக்க அதில்தான் இருக்கிறது. நம் 'உட்காருங்கள்', 'சொல்லுங்கள்', 'கொடுங்கள்' மாதிரியேதான். ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. அவள் மொழிபெயர்த்தபோது வால் அறுந்து விழுந்துவிட்டது, மிச்சம் அதட்டல். இருப்பதிலேயே பணிவான வாக்கியத்தைத்தான் அவள் சொன்னாள். அவர் காதில் விழுந்தது வேறு.

'பிளீஸ்' சேர்த்தால் போதுமே என்பாய். நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் இந்திக்காரர் வீட்டுப் பேச்சில் அப்படி ஒரு தனி வார்த்தை புழங்குவதே இல்லை. 'தயவுசெய்து' என்பதற்கு 'க்ருபயா' இருக்கிறது, அது ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் கேட்பது. வீட்டில் யாராவது 'க்ருபயா தண்ணீர்' என்று கேட்டால் சிரிப்பார்கள். அதனால் அவசரத்தில் அந்த வார்த்தை அவள் நாக்குக்கு வராது. வந்தாலும் 'பிளீஸ் டெல் நேம்' என்பது அதட்டலுக்குப் பொட்டு வைத்த மாதிரிதான்.

எனக்கு ஆத்திரம் அவர் மேல் இல்லை. எட்டு மாதத்தில் 400 வார்த்தை கற்றுக்கொடுத்திருக்கிறேன். காய்கறிப் பெயர், உடல் உறுப்பு, 'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே எல்லாம் நடத்தினேன். இந்தியில் 'தோ சால் ஸே' (இரண்டு வருஷமாக), 'ஸோம்வார் ஸே' (திங்கட்கிழமையிலிருந்து) இரண்டுக்கும் ஒரே 'ஸே'தானே, அதனால் 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பார்கள். அதைத் திருத்தத் திருத்த எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. ஆனால் ஒருத்தர் எதிரே வந்து நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நடத்தவே இல்லை. முதல் நாளே நடத்தியிருக்க வேண்டிய பாடம் அது. கடையில் விற்கிற இந்தி-ஆங்கிலப் புத்தகங்களை நான்கைந்து புரட்டிப் பார்த்தேன். அவற்றிலும் பட்டியல் பட்டியலாக வார்த்தைகள்தான். 2011 கணக்கெடுப்பில் இந்தி தாய்மொழி என்று சொன்னவர்கள் 32 கோடிக்கு மேல். அதில் எத்தனை பேர் இப்படி நல்ல மனசோடு பேசி முரட்டுப் பேர் வாங்குகிறார்களோ!

பத்து நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. நானே வீடு தேடிப் போனேன். மறுபடி உட்கார வைத்து, 'வுட் யூ லைக் டு சிட்?' என்று ஆரம்பித்தேன். அவள் யோசித்துவிட்டு இந்தியில் கேட்டாள்: "உட்கார விருப்பமா என்று கேட்டு, அவர் இல்லை என்றுவிட்டால்?" சரி, 'குட் யூ டெல் மீ யுவர் நேம்?' என்றேன். "தன் பேரைச் சொல்ல முடியுமா என்று யாராவது கேட்பார்களா மேடம்? அவமானமாக நினைக்க மாட்டாரா?" நியாயமான கேள்விதானே! ஆங்கிலத்தில் கேள்வியாகக் கேட்பதுதான் 'இயே' என்று சொன்னேன். அந்த இடத்தில் அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். நோட்டில் 'குட் யூ' என்று எழுதி, பக்கத்தில் இந்தியில் 'இயே' என்று எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் வகுப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. தப்பை அடிப்பதற்கு முன்னால், இது எந்த இந்தி வாக்கியத்திலிருந்து வந்தது என்று கேட்கிறேன். 'வாட் இஸ் யுவர் குட் நேம்?' என்றால் ஊரே சிரிக்கிறதே, அது 'சுப் நாம்', மங்களமான பேர். பேரைக் கேட்பதிலும் ஒரு மரியாதை. 'ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி' என்பது 'கல் ஹீ ஆயா'. நாமும் 'நேற்றுதான் வந்தேன்' என்பதால் அப்படியே சொல்கிறவர்கள்தானே. (நம் ஹாஸ்டல் வார்டனும் அந்த 'ஒன்லி'யும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும்.)

போன வெள்ளிக்கிழமை பழமொழி நடத்தினேன். 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாஸில்'. நிலக்கரி விளைகிற ஊருக்கே நிலக்கரி கொண்டுபோவது என்று சொல்லி முடிக்கவில்லை, பரேலியிலிருந்து வந்த பெண் கத்தினாள்: "உல்ட்டே பான்ஸ் பரேலி கோ!" மூங்கிலுக்குப் பேர்போன பரேலிக்கே மூங்கில் அனுப்புவது. நான் கொல்லன் தெருவில் ஊசி விற்பதைச் சொன்னேன். எல்லாரும் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அன்றைக்கு எவளும் இலக்கணத்துக்குப் பயப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லக்கிம்பூர் கேரியில்தான் பங்கா என்ற கிராமம் இருக்கிறது. 2010இல் தலித் எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் முன்நின்று அங்கே ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் மேல் நிற்கிற தேவி, ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் அரசியல் சாசனம். அதிகாரிகள் கட்டடத்தை நிறுத்திவிட்டார்கள். முதலில் படித்தபோது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. இந்தப் பெண் மூன்று வாக்கியத்துக்காக வேலையை இழந்து வந்து நின்ற பிறகு அப்படித் தோன்றவில்லை. உனக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரு பாடம், கோமு. அவளுக்கு அது மாதம் ஒன்பதாயிரம் ரூபாய், தம்பியின் பள்ளிக்கூடம், வீட்டில் கல்யாணப் பேச்சை ஒரு வருஷம் தள்ளிப்போடத் தைரியம்.

இப்போது உனக்கு ஒரு வேலை. வருகிற 18ஆம் தேதி அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நேர்காணல். 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு என் எண்ணுக்குப் போன் செய். நான் எடுக்க மாட்டேன், அவள்தான் எடுப்பாள். நீ வாடிக்கையாளர். கண்ணாடி இன்னும் வரவில்லை என்று கத்து. மெஸ்ஸில் ரசத்துக்குச் சண்டை போட்டாயே, அந்தக் குரலில். உனக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, அதுதான் இதில் வசதி. 'குட் யூ' வருகிறதா என்று மட்டும் கவனி. திணறினால் உடனே உதவிக்குப் போகாதே, கொஞ்சம் காத்திரு.

உன்,
ராஜி

அப்புறம், நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. பாதி காலி.