மண்ணீரலின் சார்பில் ஒரு மனு

அன்பு மகளுக்கு,

"அது இல்லாமலேயே வாழலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நீங்கள் ஏன் அப்பா இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று போனில் கேட்டாய். டாக்டர் சொன்னது உண்மை. விபத்தன்று உன் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. கிழிந்துபோன மண்ணீரலை எடுத்தால்தான் நீ பிழைப்பாய் என்று அவர் முடிவெடுத்ததும் சரி. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அவர் 'இல்லாமல் வாழலாம்' என்றதை, 'இருந்தும் பயனில்லை' என்று நீ எடுத்துக்கொண்டாயோ என்று சந்தேகப்படுகிறேன். இல்லாவிட்டால் புது வேலையின் மும்முரத்தில் இரண்டாம் தவணைத் தடுப்பூசியை இத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்க மாட்டாய்.

இதயத்துக்கு வக்கீல் வேண்டாம். நெஞ்சில் கை வைத்தால் தானே பேசும். வயிறு பசித்தால் கத்தும். நுரையீரலின் அருமையை அறிய மூக்கைக் கொஞ்ச நேரம் பொத்திக்கொண்டால் போதும். மண்ணீரலுக்கு இப்படி எந்தச் சாமர்த்தியமும் கிடையாது. பள்ளிப் பாடப்புத்தகப் படத்தில்கூட இரைப்பைக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு, பெயர்க்கோடு போட இடமில்லாமல் கிடக்கும். ஆயுளில் பெரும்பகுதியை ஆய்வகத்தில் ரத்த ஸ்லைடு பார்த்தே கழித்தவன் என்ற உரிமையில் அதன் வழக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். உன் உடம்பு நீதிபதி. நீக்கப்பட்ட உறுப்பு கூண்டில் ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள். கொஞ்சம் நாடகமாக இருந்தால் பொறுத்துக்கொள். சின்ன வயதில் இப்படிச் சொன்னால்தான் நீ காது கொடுப்பாய்.

"உடம்பே, என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்று கேட்க நான் வரவில்லை. அதற்கு வழியும் இல்லை, எனக்கு ஆசையும் இல்லை. நான் செய்துவந்த வேலைகளில் சில, யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் கிடக்கின்றன. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

"இடப்பக்கம், ஒன்பதாவது முதல் பதினோராவது வரையிலான விலா எலும்புகளுக்கு உள்ளே இருந்தேன். உன் கைமுட்டி அளவு. எடை 150 கிராம் இருக்கும். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் சுமார் 5 சதவீதம் எனக்கென்று வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் உன் மொத்த ரத்தத்தின் அளவுக்கு என் வழியே ஓடி முடிந்திருக்கும். வேலையில்லாதவனுக்கு இதயம் இவ்வளவு தருமா என்று நீயே யோசித்துப் பார்.

"வந்த ரத்தத்தில் ஒரு பகுதியைக் குழாயைவிட்டு வெளியே, சல்லடை போன்ற சந்துகளில் இறக்கிவிடுவேன். மறுபடி குழாய்க்குள் நுழைய வேண்டுமானால் சுவரில் உள்ள மெல்லிய பிளவுகள் வழியாகத்தான் நுழைய வேண்டும். சிவப்பணுவின் விட்டம் சுமார் 7 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. பிளவு அதைவிடப் பல மடங்கு குறுகல். இளம் அணு உடலை நெளித்து, நீட்டி, நுழைந்துபோய்விடும். 120 நாள் ஆயுளின் முடிவுக்கு வந்துவிட்ட அணு விறைத்திருக்கும், சிக்கிக்கொள்ளும். சிக்கியதை என் விழுங்கு செல்கள் தின்று, அதிலிருக்கும் இரும்பைப் பிரித்து வெளியே அனுப்பும். அந்த இரும்பு, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ப் புது அணுவுக்குள் ஏறும்."

இங்கே நான் குறுக்கிட வேண்டும். என் கட்சிக்காரர் கொஞ்சம் கூட்டித்தான் பேசுகிறார். உடம்பில் ஒவ்வொரு நொடியும் 20 லட்சம் சிவப்பணுக்களுக்குக் குறையாமல் முடிந்துபோகின்றன. அவற்றைக் களையும் வேலையைக் கல்லீரலும் மஜ்ஜையும் சேர்ந்தே செய்கின்றன. இப்போது உனக்காகத் தனியாகவே செய்துகொண்டிருக்கின்றன. நீ நடமாடுவதும் என்னோடு சண்டை போடுவதும் அதனால்தான். ஆனால் அடுத்து அது சொல்லப்போவதற்கு மறுப்பில்லை. அதற்கு நானே சாட்சி.

"சிவப்பணு மஜ்ஜையைவிட்டுக் கிளம்பும்போது தன் உட்கருவைக் கழற்றிப் போட்டுவிட்டு வர வேண்டும். சில அணுக்களில் ஒரு துணுக்கு உள்ளேயே தங்கிவிடும். அவற்றை நான் கொல்வதில்லை. பிளவு வழியாக நெருக்கிப் போகும்போதே துணுக்கை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு, காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையை விளையாட அனுப்புவதுபோல் அனுப்பிவிடுவேன்."

அந்தத் துணுக்குகளுக்கு ஹோவெல்–ஜாலி துகள்கள் என்று பெயர். யாருடைய ரத்தம் என்று தெரியாமலே ஸ்லைடை நுண்ணோக்கியில் வைப்போம். சாயமேறிய சிவப்பணுவின் ஓரத்தில் கருநீலத்தில், மை தொட்டு வைத்தாற்போல் உருண்டையாக ஒரு புள்ளி. அங்கொன்று, இங்கொன்று, அடுத்த வட்டத்தில் இன்னொன்று என்று தென்பட்டால், ரத்தத்துக்குரியவரைப் பார்க்காமலே 'மண்ணீரல் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை' என்று சந்தேகம் எழுதி அனுப்புவோம். அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல மறந்த நோயாளிகளும் உண்டு. அவர்களுடைய ரத்தம் மறைக்காது. உன் ரத்தத்திலும் இப்போது அந்தப் புள்ளிகள் இருக்கும். அவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை, பயப்படாதே. சோதிக்கும் ஆள் வாசலில் இல்லை என்பதற்கு அவை அத்தாட்சி, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறிவிட்டது என்று அறிக்கையைப் படமெடுத்து அனுப்பினாயே, அதற்கும் இதுதான் விளக்கம். உடம்பின் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலுக்குள் தங்கியிருக்கும். தங்குமிடம் போனதும் எல்லாம் ரத்தத்துக்கு வந்துவிட்டன.

அதன் கிடங்கு இன்னும் பெரியது. மோனோசைட் என்னும் வெள்ளணுக்களின் பெரிய கையிருப்பு மண்ணீரலில் இருப்பதாகவும், மாரடைப்பு வந்தால் அவை புறப்பட்டுப்போய்க் காயம்பட்ட இதயத்தில் சேர்வதாகவும் 2009இல் எலிகளில் கண்டார்கள். ஆழத்தில் மூழ்கும் சீல்கள் சிவப்பணுக்களை மண்ணீரலில் சேமித்துவைத்து, மூச்சடக்கும் நேரத்தில் அதைச் சுருக்கி ரத்தத்தில் கலக்கும். மனித மண்ணீரலும் மூச்சை அடக்கினால் சுருங்கும், அளவில்தான் சிறிது. தென்கிழக்கு ஆசியக் கடலில் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்தில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களுடையதைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மூழ்காத பஜாவ் மக்களுக்கும் அப்படியே இருந்ததாம்; பழக்கத்தால் வந்ததல்ல, பிறவியிலேயே வருவது. இதற்கும் உன் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நீ உன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது சில மாதங்கள் உன் மண்ணீரலும் ரத்த அணுக்களைத் தயாரித்தது. பிறகு மஜ்ஜை தலையெடுத்ததும் வேலையை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இதை அது தன் வாயால் சொல்லவில்லை; நான்தான் சேர்க்கிறேன்.

இனி வழக்கின் உயிர்நாடி.

"சில கிருமிகள் சர்க்கரைப் பொருளாலான வழவழப்பான உறையைப் போர்த்திக்கொண்டு வருகின்றன. நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோபிலஸ் இன்புளூயன்சா பி. விழுங்கு செல்களுக்கு அந்த உறையில் பிடி கிடைப்பதில்லை. கிருமியை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி என்ற புரதம் வந்து உறைமேல் ஒட்டினால்தான் பிடி கிடைக்கும். அந்த ஆன்டிபாடியை முதல் அழைப்பிலேயே தயாரிக்கத் தெரிந்த பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் என் விளிம்புப் பகுதியில்தான் குடியிருந்தன. ரத்தம் என்னிடம் மெதுவாக ஊர்ந்து போகும். அதனால் கிருமி எண்ணிக்கையில் பெருகும் முன்பே அதை அடையாளம் கண்டு, வடிகட்டி, விழுங்கிவிட முடிந்தது. நான் போன பிறகு இந்த வேலையைக் கல்லீரல் ஓரளவுக்குப் பார்க்கும். அந்த ஓரளவு போதாமல் போகும் நாள் ஒன்று வரலாம். என்னிடம் கேட்டால் நான் சொல்வது இவ்வளவே: எனக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்."

இதை உலகம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. பழைய கிரேக்க மருத்துவம் மண்ணீரலைக் கறுப்புப் பித்தத்தோடு சேர்த்து, மனச்சோர்வுக்குப் பொறுப்பாளியாக்கியது. நவீன அறுவை சிகிச்சை வந்தபோது, 'எடுத்தாலும் மனிதன் நன்றாகத்தான் இருக்கிறான்' என்று தயக்கமின்றி எடுத்தார்கள். கிங், ஷூமேக்கர் என்னும் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், பிறவி ரத்தநோய்க்காக மண்ணீரல் நீக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித்தொற்று வந்ததை 1952இல் எழுதிய பிறகுதான் அந்தத் தயக்கமின்மைக்கு அடி விழுந்தது. இன்றைக்கு அடிபட்டவரின் நிலை தாங்கும் என்றால், ஸ்கேன் எடுத்து, படுக்கையில் வைத்துக் கவனித்து, தேவையானால் ரத்தக்குழாயை மட்டும் அடைத்து, மண்ணீரலைக் காப்பாற்றத்தான் முதலில் பார்க்கிறார்கள். உனக்கு ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போனது. அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

மண்ணீரல் இல்லாதவர்களுக்கு வரும் அந்தக் கடுமையான தொற்று தொடங்கும்போது சாதாரணக் காய்ச்சல்போல்தான் இருக்கும். உடம்பு வலி, குளிர் நடுக்கம், வாந்தி. மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று தோன்றும். ஆனால் ஒன்றிரண்டு நாளுக்குள், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். தீவிர சிகிச்சை கிடைத்தும் பாதிக்குப் பாதி பேர் பிழைக்காமல் போன பதிவுகள் உண்டு. வருவது அபூர்வம் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயமுறுத்துகிறேன் என்பாய். தலசீமியா போன்ற ரத்தநோய்க்காக மண்ணீரலை இழந்தவர்களைவிட, உன்னைப்போல் விபத்தில் இழந்தவர்களுக்கு ஆபத்து குறைவு. முதல் சில ஆண்டுகளில் அதிகம். பிறகு குறையும், ஆனால் அடியோடு போய்விடாது.

விபத்தில் சிதறிய மண்ணீரலின் துணுக்குகள் வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு, ரத்தக்குழாய் பிடித்து வளரும் என்று நீ எங்கோ படித்தாய் அல்லவா? படித்தது சரிதான். பத்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஒரு குட்டி மண்ணீரல் கூடுதலாக இருப்பதும் உண்டு. உனக்கு அப்படி ஏதாவது இருந்தால் ஸ்லைடில் அந்தப் புள்ளிகள் குறைந்து காணப்படலாம், எனக்கும் சந்தோஷம். ஆனால் உறை போர்த்திய கிருமிகள் வரும்போது அந்தத் துணுக்குகள் காப்பாற்றும் என்று எந்த மருத்துவரும் உத்தரவாதம் தரமாட்டார். ஊசியைத் தவிர்க்க அதைச் சாக்காகச் சொல்லாதே.

மாற்று ஏற்பாடு என்று மண்ணீரல் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. நிமோகாக்கஸ் ஊசியின் பாக்கித் தவணை, மெனிஞ்சோகாக்கஸ் ஊசிகள், ஹீமோபிலஸ் இன்புளூயன்சா பி-க்கான ஹிப் ஊசி, ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ காய்ச்சலுக்கான இன்புளூயன்சா ஊசி. எது எப்போது என்பதை உன் மருத்துவர் உனக்கென்று எழுதித் தருவார். சிலவற்றை ஆண்டுகள் கழித்து மறுபடி போட வேண்டியிருக்கும். அவசரத்துக்குக் கையில் வைத்துக்கொள்ள ஆன்டிபயாடிக் வேண்டுமா என்றும் அவரிடமே கேள். காய்ச்சல் வந்தால் 'நாளை பார்க்கலாம்' என்பது உனக்குக் கிடையாது. அன்றைக்கே, நடுராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போ. போனதும் முதல் வாக்கியமாக 'எனக்கு மண்ணீரல் இல்லை' என்று சொல். நீ சொல்ல முடியாத நிலையில் இருந்தால் சொல்வதற்கு பர்ஸில் ஓர் அட்டை இருக்கட்டும். மலேரியா உள்ள இடத்துக்குப் பயணம் என்றால் கிளம்பும் முன்பே மருந்து கேட்டு வாங்கு. அந்த ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்களைப் பிடிப்பதும் மண்ணீரல் பார்த்த வேலைதான்.

நாய்க்குட்டி வாங்கப்போகிறேன் என்று சொன்னதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. நாயின் எச்சிலில் கேப்னோசைட்டோபாகா என்றொரு கிருமி சாதாரணமாகவே இருக்கும். பெரும்பாலோரை அது ஒன்றும் செய்யாது. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு அதனால் உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது. விளையாட்டாகக் கடித்துத் தோல் கிழிந்தாலும், திறந்த காயத்தை நக்கினாலும், உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார். வளர்க்காதே என்று சொல்லவில்லை. சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. குட்டியின் தடுப்பூசி அட்டையை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் அட்டையையும் அதே உறையில் போட்டு வை.

அன்புடன்,
அப்பா